வீட்டுப் பூனையும் வெளி வாழ்வும்



பூனையை வீட்டுக்கு வெளியே விடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கதவைத் திறந்தால் போதும் என்று விடை கூறுவோர் பலர். கதவைத் திறப்பது நொடிப்பொழுது வேலை. ஆனால் வீட்டினுள்ளே பிறந்து, வீட்டினுள்ளேயே வளர்ந்த பூனையொன்றை வெளி வாழ்வுக்குப் பழக்குவது ஏறத்தாழ ஒரு மாத வேலை. முன்னது கைவிடுதல், பின்னது குடியமர்த்துதல். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். பூனைக்கோ ஒன்று சாவு, மற்றொன்று வாழ்வு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாட்டில் எத்தனையோ பெரிய செய்திகள் இருக்கப் பூனையைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இது சிறிய செய்தி அன்று. நம்மிற் பலர் மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர்கள். இன்று தில்லி, நாளை நாகபுரி என்று பெட்டி கட்டும் வாழ்வு நம்முடையது. ஊரிலுள்ள பெற்றோர் முதுமையுற்று நம்மிடம் வந்து சேரும்போது, சொந்த வீட்டைப் பூட்ட வேண்டிய நாளும் வருகிறது. பாத்திரங்களுக்கு ஒரு வழி செய்கிறோம், பசுவை விற்கிறோம், தென்னைக்குக் குத்தகை பேசுகிறோம். பூனையைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. வண்டி புறப்படும் வேளையில் அது மதிலின்மேல் அமர்ந்திருக்கிறது. "அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்னும் ஒரு சொல்லோடு அதன் கதை முடிக்கப்படுகிறது. அச்சொல் உண்மையா என்பதே கேள்வி.

இதனை ஆராய்வதற்குத் தகுந்த இடம் ஒன்று உண்டு. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த எல்லைக் கிராமங்களே அவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையை விட்டுத் தெற்கே சிறிது தொலைவு சென்றால் இஞ்சிவிளை. அதனைக் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளை. அங்கே எல்லை என்பது மலையும் அன்று, ஆறும் அன்று. ஒரே வகைத் தென்னையும் வாழையும் மரச்சீனியும் இருபுறமும் விளைகின்றன. இருமொழியும் இருபுறமும் ஒலிக்கின்றன. பிறந்த ஊரை விட்டு நகராமலே வெளி மாநிலத்தவர் ஆன தமிழர் அவ்வூர்களில் உண்டு. நம்மைப் போன்று வேலை தேடித் தொலைவில் சென்றவரும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவரும் அங்கே மிகுதி. ஆதலின் பூட்டிய வீடும், வீட்டின் வெளியே நிற்கும் பூனையும் அப்பகுதிக்குப் புதியவை அல்ல.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால் ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நாம் பூனை என்கிறோம். குமரி மாவட்டத்து மக்கள் பூச்சை என்பர். மலையாளத்தில் அது பூச்ச ஆகிறது. இது கொச்சை வழக்கு என்று நகரத்தார் எண்ணலாம். ஆனால் காட்டுப்பூனையாகிய வெருகைப் பூசை என்று வழங்கும் மரபைத் தொல்காப்பியத்தின் மரபியல் குறிப்பிடுகிறது. கம்பரும் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டபோது பூசை என்ற சொல்லையே ஆண்டார். ஏட்டில் மட்டும் எஞ்சியதாகப் பிறர் கருதும் ஒரு பழஞ்சொல், எல்லைக் கிராமத்து அடுக்களையில் இன்றும் சோற்றுக்கு அழைக்கும் குரலாக உயிரோடு இருக்கிறது.

அந்தப் பூச்சை முற்காலத்தில் வாழ்ந்த வாழ்வு எத்தகையது? அதனை உள்வீட்டுப் பூனை என்றும் கூற இயலாது. வெளிப்பூனை என்றும் கூற இயலாது. ஓடு வேய்ந்த வீடு, நெல் நிறைத்த பத்தாயம், பின்புறம் விறகுப்புரை, அதனை ஒட்டித் தொழுவம், சுற்றிலும் விளை. நெல் இருந்த இடத்தில் எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் பூனைக்கு அலுவல் இருந்தது. பகலில் அடுப்பங்கரையில் உறங்கி, இரவில் ஓட்டின் மேலும் வைக்கோற்போரின் கீழும் உலவி, விடியலில் மீன் அறுக்கும் அம்மியடியில் வந்து நிற்கும். கதவு அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஓட்டு வீட்டில் பூனை புகுவதற்கு வழியா இல்லை?

இன்று வயல்கள் பல வாழைத்தோட்டமும் வீட்டுமனையும் ஆகிவிட்டன. பத்தாயம் மறைந்தது. ஓட்டுக் கூரையின் இடத்தில் கான்கிரீட் தளமும், சாணம் மெழுகிய தரையின் இடத்தில் பளபளக்கும் ஓடும், சாளரத்தில் கொசுவலையும் வந்தன. வீடு நான்கு புறமும் மூடிக்கொண்டது. ஆதலின் பூனைகள் இரு கூறாகப் பிரிந்தன. வெளியே நின்றவை தெருப்பூனைகள் ஆயின. உள்ளே நின்றவை, அவற்றுள்ளும் விலை கொடுத்து வாங்கிய நீள்மயிர்ப் பாரசீகப் பூனைகள், மண்ணை மிதித்தறியாத உயிர்கள் ஆயின. முன்பு உள்ளும் வெளியும் ஒரே வாழ்வாக இருந்தன. இன்று அவற்றிடையே ஒரு கதவு நிற்கிறது. அந்தக் கதவைத் திடீரென்று திறந்து பூனையை வெளியே தள்ளும்போதுதான் தீங்கு நேர்கிறது.

ஏன் தீங்கு நேர்கிறது என்பதை அறியப் பூனையின் இயல்பை அறிதல் வேண்டும். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்த செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதனோடு பூனை கொண்ட உறவு அத்துணைப் பழமையானது. ஆயினும் நாய் ஆளைச் சார்ந்தது. பூனை இடத்தையும் சார்ந்தது. கன்னத்தைத் தூணில் தேய்த்தும், நகத்தால் மரத்தைக் கீறியும் தன் மணத்தைப் பதித்து, அந்த மணத்தையே அது தன் வீடாகக் கொள்கிறது. மணம் மாறிய இடத்தில் அதற்குத் திசை தெரிவதில்லை. எனவே பழக்கமற்ற இடத்தில் விடப்பட்ட பூனை, முதல் சில நாட்கள் உணவையும் நாடாது ஒளிந்துகொள்கிறது. அல்லது பழைய வீட்டைத் தேடி ஓடுகிறது. அவ்வாறு ஓடும் வழியில் நாய்க்கூட்டம் இருக்கிறது. ஏற்கெனவே அவ்விடத்தை ஆளும் கடுவன் பூனை இருக்கிறது. எலி நஞ்சு தின்று செத்த எலி கிடக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை செல்லும் நெடுஞ்சாலையின் போக்குவரத்தோ இரவிலும் ஓய்வதில்லை. "எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்னும் சொல், இவை யாவற்றையும் பாராமல் கூறும் சொல்.

சாக்கில் கட்டிச் சந்தையிலோ மீன் கடைப்பக்கத்திலோ விட்டுவரும் வழக்கமும் உண்டு. அங்கே உணவு கிடைக்கும் என்பது விடுபவரின் எண்ணம். அது வழக்கமாயினும் குற்றம் என்பதை நாம் அறிய வேண்டும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. முதற்குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. தண்டனை சிறிது, ஆனால் அச்சட்டத்தின் பின்னணி பெரிது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் இத்துறையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பயனாக அரசே முன்வந்து இயற்றியது இச்சட்டம். இதன்படி 1962இல் சென்னையில் நிறுவப்பட்ட விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவராக இருந்தார். பரதக் கலையை உலகறியச் செய்த அம்மையார், பேசாத உயிர்களுக்காகப் பேசியதும் தமிழகம் பெருமை கொள்ளத்தக்கதே.

கேரள உயர்நீதிமன்றமும் பூனையின் பொருட்டு ஒரு முறை ஆணை பிறப்பித்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், ஊரடங்கின்போது, மூன்று பூனைகளை வளர்த்த ஒருவர் அவற்றின் உணவை வாங்கிவர வாகன அனுமதி கேட்டார், காவல்துறை மறுத்தது. அவர் வீட்டில் புலால் சமைப்பதில்லை. ஆதலால் கடையில் விற்கும் பூனை உணவையே அவர் நம்பியிருந்தார். நீதிமன்றம் அவர் சென்றுவர இசைவு தந்தது. வளர்த்தவனை நம்பியிருக்கும் உயிர்க்கு உணவு தேடித் தருவது விளையாட்டுக் காரியம் அன்று என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று.

இனி, வெளி வாழ்வுக்கு மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால் செய்யத்தக்கவை யாவை என்று காண்போம்.

முதலில், எந்தப் பூனையை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று தெளிதல் வேண்டும். நாட்டுப் பூனை, இளமையும் உடல்நலமும் உடையது, முன்பே முற்றத்துக்குப் போய்வந்தது என்றால் பழக்கலாம். தட்டை முகமும் நீள்மயிரும் உடைய பாரசீகப் பூனையை வெளியில் வாழவிடுவது தகாது. அதன் மூச்சுவழி குறுகியது, வெப்பம் தாங்காது, நாள்தோறும் சீவாவிட்டால் மயிர் திரண்டு சடையாகிப் புண்படும். முதிய பூனை, கண் மங்கியது, நாட்பட்ட நோயுடையது, தாய்ப்பால் மறக்காத குட்டி ஆகியவற்றையும் மாற்றலாகாது. இவற்றுக்கு வேறொரு வீடு தேடுவதே முறை.

அடுத்தது, மருத்துவம். பூனை வெளியே காலடி வைக்கும் முன்பே வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசியைப் போடுதல் வேண்டும். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி. பின் மருத்துவர் கூறும் முறைப்படி ஆண்டுதோறும். இந்நோய் நாயால் மட்டுமே வரும் என்று எண்ணுவோர் பலர். நோயுற்ற பூனையின் கடியும் கீறலும் அவ்வாறே ஆபத்தானவை. எந்தப் பூனை கடித்தாலும் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பூனைகளைக் கூட்டமாகக் கொல்லும் பான்லூகோபீனியா முதலிய நோய்களுக்கும் தனித் தடுப்பூசி உண்டு.

கருத்தடை அறுவையும் இன்றியமையாதது. பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். ஓராண்டில் இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. ஒன்றை வெளியே விட்டவர் அடுத்த ஆண்டு பத்துக்குப் பொறுப்பாளர் ஆவார். ஆண்பூனைக்கும் இது நன்மையே. அறுவை செய்த பூனை தொலைதூரம் அலைவதும், பிற பூனையோடு பொருது புண்படுவதும் குறையும். அறுவைப் புண் நன்கு ஆறும் வரை அது வீட்டினுள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாவது, காலமும் இடமும். எல்லைக் கிராமங்களில் மழை இருமுறை வருகிறது. ஜூன் மாதத்தில் இடவப்பாதி. ஐப்பசி, கார்த்திகையில் இடிமுழக்கத்தோடு துலாவர்ஷம். இவ்விரு மழைக்காலத்திலும் பூனையை வெளியே மாற்றலாகாது. தை பிறந்த பின் வரும் வறண்ட வாரங்களே தக்க காலம். தில்லி, பஞ்சாப் பகுதிகளில் வாழும் நேயர்கள் இதனை மாற்றிக் கொள்ள வேண்டும். அங்கே தை மாதக் குளிரும் சித்திரை, வைகாசி வெயிலும் ஆகா. மாசி, பங்குனி நன்று. இடம் என்பது விறகுப்புரையோ தொழுவமோ ஆகலாம். தரையிலன்றி ஒரு முழம் உயரத்தில், மழைச்சாரல் படாத மூலையில், சிறு வாயில் வைத்த மரப்பெட்டி ஒன்றை அமைத்து உள்ளே வைக்கோல் பரப்ப வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு வைப்பதைவிட ஒன்றும் போடாதிருப்பது மேல்.

நான்காவது, பழக்கும் முறை. தன் வீட்டு முற்றத்துக்கே மாற்றுவதானால் எளிது. உணவு வேளைக்குச் சற்றுமுன், பூனை பசித்திருக்கும்போது கதவைத் திறந்து, நீங்களும் உடன் சென்று முற்றத்தில் அமருங்கள். முதல்நாள் பத்து நிமிடம் போதும். பிறகு வழக்கமான குரலால் அழைத்து உள்ளே உணவிடுங்கள். நாள்தோறும் நேரத்தை நீட்டுங்கள். பின்னர் உணவுக்கிண்ணத்தை வாசற்படிக்கும், அங்கிருந்து திண்ணைக்கும், அங்கிருந்து விறகுப்புரைக்கும் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். அது படுத்துறங்கிய பழந்துணியைத் துவைக்காமலே மரப்பெட்டியில் இடுங்கள். அத்துணியின் மணம் பூனைக்கு வீட்டுப் பத்திரம் போன்றது.

வேறொருவர் விளைக்கு மாற்றுவதானால் பொறுமை மிகுதியும் வேண்டும். புதிய இடத்தில் காற்றும் வெளிச்சமும் உள்ள அறையிலோ, கம்பிவலை அடைத்த கொட்டிலிலோ மூன்று நான்கு வாரம் அடைத்து வைத்தல் வேண்டும். மணல் தட்டும், நீரும், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் உள்ளே இருக்கட்டும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே ஆள், ஒரே குரலில் அழைத்து உணவிட வேண்டும். அந்த வாரங்களில் புதிய இடத்தின் ஓசையும் மணமும் அதன் உள்ளத்தில் பதிகின்றன. பின்பு உணவு வேளைக்கு முன் கதவைத் திறந்துவிட்டால், சுற்றிப் பார்த்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பிவரும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "கத்துகிறதே, பாவம்" என்று இரங்கித் திறந்துவிடுவது இரக்கம் ஆகாது.

உணவைப் பற்றி ஒரு சொல். பூனை ஊனுண்ணும் உயிர். பாலும் சோறும் மட்டும் இட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. பொழியூர், பூவார் கடற்கரைகள் அருகிலிருக்கும் அப்பகுதியில் மலிந்த சாளைமீனை வேகவைத்து, முள் நீக்கி, சோற்றோடு பிசைந்திடலாம். இடையிடையே கோழி ஈரலும் தரலாம். உப்பும் காரமும் வேண்டா. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனையின் உயிரைப் போக்கும். காலை, மாலை இருவேளை குறித்த நேரத்தில் உணவிட்டு, எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் கிடக்கும் சோறு எலியையும் நாயையும் அழைக்கும்.

ஐந்தாவது, இரவு. பகலெல்லாம் வெளியே வாழ்ந்தாலும், அந்தி முதல் விடியல் வரை பூனையைக் கொட்டிலில் அடைத்தல் நலம். நாயும் வண்டியும் கொல்வது இரவில். பூனை பறவையைக் கொல்வதும் பெரும்பாலும் வைகறையில். இதுவரை பூனையின் பக்கம் நின்று பேசினேன். பறவையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டில் கலங்கரைவிளக்கம் ஏற்றப்பட்டது. அங்குக் குடியேறியவர்களோடு பூனையும் சென்றது. பறக்கமாட்டாத சிறு குருவியினம் ஒன்று அத்தீவில் வாழ்ந்தது. பெருகிய பூனைகளால் சில ஆண்டுகளில் அவ்வினமே அற்றுப்போயிற்று. அமெரிக்க நாட்டில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவற்றிற் பெரும்பகுதி உரிமையாளர் அற்ற பூனைகளின் செயல். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில், 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்த பூனைகளை வளர்ப்பவர் தம் எல்லைக்குள்ளேயே வைத்திருத்தல் வேண்டும் என்று சட்டமே உண்டு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கிழக்கே நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அத்தகைய காட்டோரங்களில் பூனையை வெளியே வாழவிடாதிருத்தலே அறம்.

அண்டைவீட்டாரையும் மறக்கலாகாது. பூனைக்கு மாநில எல்லையும் தெரியாது. மதில் எல்லையும் தெரியாது. அடுத்த வீட்டில் கோழிக்குஞ்சு உண்டு, காயவைத்த மீன் உண்டு. முன்கூட்டியே சென்று, "எங்கள் பூச்சை இனி வெளியே இருக்கும், ஊசி போட்டிருக்கிறது, எலி நஞ்சு வைப்பதானால் ஒரு சொல் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும். நாள்தோறும் அதே குரலால் அழைத்து உணவிடும் ஓர் ஆள் வேண்டும். வெளிப்பூனை என்றால் வீடற்ற பூனை என்று பொருள் அன்று. கூரை போகலாம், மெத்தை போகலாம், ஆள் போகக்கூடாது. ஆள் போய்விட்டால் எஞ்சிய ஏற்பாடுகள் யாவும் வீண். ஆகவே வீட்டைப் பூட்டிச் செல்வோர் முதலில் தேட வேண்டியது மரப்பெட்டியை அன்று, மனிதரையே. அண்டைவீட்டு அக்காளோ, தோட்டம் பார்க்கும் அண்ணாச்சியோ, யாரேனும் ஒருவர் மனமுவந்து ஏற்றால், மாதந்தோறும் மீனுக்கும் மருத்துவத்துக்கும் உரிய பணத்தைத் தவறாது அனுப்புங்கள். தொலைபேசியில் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்கும்போது பூனை உண்டதா என்றும் கேளுங்கள். அப்படி ஒருவரும் கிடைக்கவில்லையெனில் பூனையை வெளியே மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். உடன் அழைத்துச் செல்லுங்கள். இயலாதாயின் வேறு வீட்டுக்குக் கொடுங்கள். பூனை ஊர் மாறி வாழாது என்பது முழு உண்மை அன்று. பழக்கமான துணியும் குரலும் உடன் வந்தால் மூன்று வாரத்தில் அதுவும் தில்லிவாசி ஆகிவிடும்.

புதிய ஊரில் முதல் மாதம் எத்தகையது என்பது நமக்குத் தெரியும். மொழி புரியாது; தெரு தெரியாது; யாரேனும் ஒருவர் நம் பேச்சில் பேசி ஒருவேளை சோறிட்டால் அந்த ஊரே நம் ஊராகிவிடும். நமக்கு வேண்டியிருந்த அந்த ஒரு மாதத்தைப் பூனைக்கும் கொடுப்போம்.